உங்களுக்குத் தெரியுமா? சாமியைத் தூக்கிக்கொண்டு ஓடிய சாகசக்காரர்கள்!

'தி டிரெய்ன்' படம் பார்த்திருக்கிறீர்களா? 1964-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பாரிஸில் நாஜிகள் கொள்ளையடித்த ஓவியங்கள் ரயில் ஏறுகின்றன. அந்த வண்டி ஜெர்மனி போய்ச் சேரக் கூடாது! பிரெஞ்சு ரயில்வே தொழிலாளிகள் கூட்டுச் சேர்ந்து மறிக்கிறார்கள். தலைவன் வேஷத்தில் பர்ட் லங்காஸ்டர். அந்தத் தலைவனுக்கு ஓவியத்தில் அ, ஆ கூடத் தெரியாது!

படத்தில் மோதி நொறுங்கும் ரயில் எஞ்சின்கள் பொம்மை இல்லை. அத்தனையும் நிஜம்! குண்டுவீச்சில் தூள் தூளாகும் ரயில் யார்டும் நிஜம்! எப்படியும் இடிக்க வேண்டிய யார்டுதான் என்று பிரெஞ்சு ரயில்வேயே தலையாட்டிவிட்டது. சினிமாக்காரர்கள் வெடி வைத்துத் தரைமட்டமாக்கிக் கொடுத்தார்கள்!

ஒரு காட்சியில் வண்டி தடம் புரள வேண்டும். சொன்ன வேகத்தைவிட வேகமாக வந்துவிட்டது! வரிசையாக வைத்திருந்த கேமராக்கள் அப்பளம்!

முதல் இயக்குநர் ஆர்தர் பென். படப்பிடிப்பு தொடங்கிய சில நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! அடுத்து வந்தவர் ஜான் ஃபிராங்கன்ஹைமர். அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று... ஒரு ஃபெராரி கார்! கிடைத்தது!

லங்காஸ்டர் படத்தில் நொண்டி நொண்டி நடப்பாரே, நடிப்பு என்றா நினைத்தீர்கள்? லீவு நாளில் கோல்ஃப் ஆடப் போய் முழங்காலைக் கெடுத்துக்கொண்டார்! இயக்குநர் அசரவில்லை. காலில் துப்பாக்கிக் குண்டு பாய்கிற மாதிரி ஒரு காட்சியைச் சேர்த்துவிட்டார்!

எஞ்சினைக் கெடுக்க ஒரு கிழ டிரைவர் என்ன செய்கிறார் தெரியுமா? எண்ணெய் போகிற குழாயில் சில்லறைக் காசைத் திணிக்கிறார்! கோடிக் கணக்கில் பெறுமான ஓவியங்களை நிறுத்தியது சில்லறைக் காசு!

இன்னொரு தந்திரம் இன்னும் ஜோர். வழி நெடுக ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளையே மாற்றிவிடுகிறார்கள். ஜெர்மன் சிப்பாய்கள் சொந்த நாட்டுக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகப் பயணம் செய்கிறார்கள். வண்டி பிரான்ஸுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது!

இதெல்லாம் கப்ஸாவா? பாதிதான்! நிஜ ரயிலுக்கு ஒரு நம்பர்கூட உண்டு. 40044! 1944 ஆகஸ்டில் 148 பெட்டி ஓவியங்களை ஏற்றினார்கள். வெடி இல்லை, மோதல் இல்லை. ரயில்வேக்காரர்கள் இழுத்தடித்தே சாதித்துவிட்டார்கள்! பாரிஸின் புறநகரைக்கூட வண்டி தாண்டவில்லை!

ஆகஸ்ட் 27. சுதந்திர பிரெஞ்சுப் படையின் இளம் அதிகாரி ஒருவர் வண்டியைப் பிடித்துக் கதவைத் திறக்கிறார். உள்ளே இருந்தவற்றில் பல அவருடைய அப்பாவின் ஓவியங்கள்! வீட்டுச் சுவரில் பார்த்து வளர்ந்த அதே ஓவியங்கள்! அதிகாரியின் பெயர் அலெக்ஸாந்தர் ரோசன்பெர்க். அப்பா பால் ரோசன்பெர்க், பாரிஸின் பெரிய ஓவிய வியாபாரி. இந்தக் காட்சி படத்தில் இல்லை. வைத்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்!

எல்லாவற்றுக்கும் மூல காரணம் ஒரு மூக்குக் கண்ணாடி போட்ட அம்மாள்! பெயர் ரோஸ் வலாந்த். கொள்ளைப் பொருளைக் குவித்து வைத்த பாரிஸ் மியூசியத்தில் வேலை. ஜெர்மன் மொழி தெரியாதவர்போல் நான்கு வருஷம் நடித்தார்! எந்த ஓவியம், யாருடையது, எங்கே போகிறது? அத்தனையும் ரகசியக் குறிப்பாக எழுதினார். நாஜித் தலைவர் கோரிங் அந்த மியூசியத்துக்கு ஓவியம் பொறுக்க வந்தது மட்டும் 20 தடவை!

சரி, பிரான்ஸ் கதை போதும். நம்ம ஆட்கள் சமாச்சாரத்துக்கு வாருங்கள். அவர்கள் இதே வேலையை 600 வருஷத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள். ரயிலே இல்லாமல்!

1323. டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்குகிறது. உற்சவரைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பியது ஒரு சின்னக் கூட்டம். முன்னால் நடந்தவர் வைணவ ஆசாரியர் பிள்ளை உலகாசிரியர், தள்ளாத வயதில்! மதுரைப் பக்கம் போனதும் அவர் உயிர் பிரிந்துவிட்டது. பல்லக்கு நிற்கவில்லை!

கேரளம், மேல்கோட்டை, திருமலை என்று பெருமாள் ஊர் ஊராகப் போனார். திரும்பி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தது 1371-ல். கணக்குப் போடுங்கள். 48 வருஷம்! 'தி டிரெய்ன்' மொத்தமே இரண்டேகால் மணி நேரம்தான்!

பெருமாளைத் திருப்பிக் கொண்டுவந்தவர் யார்? நம்ம பக்கத்துக்காரர்! ஆரணியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய செஞ்சியை ஆண்ட கோப்பணார்! ஸ்ரீரங்கம் போகும் முன் பெருமாள் தங்கியது செஞ்சியை ஒட்டிய சிங்கவரம் மலையில்!

ஊர் திரும்பிய இடத்தில்தான் வேடிக்கையே! கோயிலில் ஏற்கெனவே வேறோர் உற்சவர் இருக்கிறார்! 48 வருஷத்தில் பழைய ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். எது அசல்? சொல்ல ஆளில்லை. கடைசியில் கண் தெரியாத ஒரு முதியவரைக் கூட்டி வந்தார்கள். யார் அவர்? அர்ச்சகர் இல்லை. ஸ்தபதி இல்லை. பெருமாளின் துணி துவைத்தவர்!

இரண்டு திருமேனிக்கும் திருமஞ்சனம் நடந்தது. ஈரத் துணியைப் பிழிந்தார்கள். ஈரவாடைத் தீர்த்தத்தை முதியவர் வாயில் விட்டுப் பார்த்தார். 'இவரே நம் பெருமாள்!' என்று ஒரே போடு! கோயிலொழுகு சொல்லும் சம்பவம் இது. லேப் இல்லை, எக்ஸ்ரே இல்லை. துணி தெரிந்தவன் நாக்கு! தறி ஓடுகிற ஊர்க்காரர்கள் நாம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்!

தோற்ற உற்சவரை என்ன செய்தார்கள்? வெளியே அனுப்பவில்லை! திருவரங்க மாளிகையார் என்ற பெயரில் அவரும் கர்ப்பக்கிருகத்திலேயே இருக்கிறார். இன்றைக்கும்!

காஞ்சிபுரத்துக்காரர்கள் செய்த வேலை இன்னும் பயங்கரம். 1688. மொகலாயப் படை வருகிறது என்று பேச்சு. வரதராஜரைத் துணி சுற்றிப் பாடையில் ஏற்றினார்கள். பிணம் போகிற மாதிரி! ஊரே சாவு வீடாக நடிக்க, பெருமாள் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டார் என்கிறது காஞ்சி மரபு. ஹாலிவுட்காரனுக்கு இப்படி ஒன்று தோன்றுமா, சொல்லுங்கள்!

போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம். 22 வருஷம் கழித்து, ஆபத்து விலகியாச்சு, சாமியைக் கொடுங்கள் என்று கேட்டால்... பாளையக்காரர் கொடுக்க மாட்டேன் என்கிறார்! அத்தனை நாள் கும்பிட்ட பெருமாளை விட மனசு வரவில்லை!

பிறகு வந்தார் லாலா தோடர்மால் என்ற படைத் தளபதி. படையோடு போய்ப் பெருமாளைக் கூட்டி வந்தார். ஆண்டு 1710. இன்றைக்கும் காஞ்சி வரதர் கோயிலில் அவர் குடும்பத்தோடு சிலையாக நிற்கிறார். பட்டு நூல் வாங்கக் காஞ்சிபுரம் போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்!

காஞ்சி பங்காரு காமாட்சியையும் இப்படித் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் முழுத் தங்கம்! தங்கம் என்று தெரிந்தால் வழியிலேயே போச்சு. அர்ச்சகர்கள் அம்மன் மேனி முழுக்கப் புனுகு பூசிக் கறுப்பாக்கிவிட்டார்கள்! அம்மன் செஞ்சி, உடையார்பாளையம் என்று சுற்றித் தஞ்சாவூர் போனாள். அங்கேயே தங்கியும் விட்டாள்! கூட நடந்த அர்ச்சகர் வம்சத்தில் பிறந்தவர் யார் தெரியுமா? சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி!

சிதம்பரம் நடராஜர்கூடச் சிதம்பரத்தில் இல்லாத காலம் உண்டு! 1648-ல் கிளம்பினார். குடுமியான்மலை, மதுரை என்று இருந்துவிட்டு 1686-ல் திரும்பினார். எத்தனை காலம் என்று பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. 37 வருஷம், 10 மாதம், 20 நாள்!

திருச்செந்தூர் முருகனைத் தூக்கியது யார்? டச்சுக்காரர்கள்! கப்பலில் கொண்டுபோன சிலை கடலுக்குள் போய்விட்டது. வடமலையப்ப பிள்ளை என்ற பக்தர் கனவில் முருகன் வந்தானாம். எலுமிச்சம்பழம் மிதக்கும், மேலே கருடன் வட்டமிடும், அங்கே தேடு என்றானாம். தேடினார். 1653-ல் முருகன் கரையேறிவிட்டான்!

ஆபத்து வந்தால் சாமியை எப்படி ஒளிப்பது? அதற்கு ஆகமத்திலேயே வழி எழுதி வைத்திருக்கிறார்கள்! விமானார்ச்சன கல்பம் என்ற வைகானச நூல் சொல்கிறது. ரகசிய இடத்தில் குழி தோண்டு. மணலைப் பரப்பு. சாமியைப் படுக்க வை. மூடு. பூஜை நிற்கக் கூடாதே? தர்ப்பைக் கூர்ச்சத்தில் சாமியை எழுந்தருளச் செய்து அதற்குப் பூஜை செய்!

புதைத்தவன் செத்துப்போனால்? யாருக்கும் தெரியாமலே போய்விடும்! அப்படிப் போனவைதான் இன்றைக்கு ஏர் முனையிலும், கடப்பாரையிலும் தட்டுப்படுகின்றன.

விழுப்புரம் மாவட்டம் எசாலத்தில் 1987-ல் செப்புத் திருமேனிகளோடு ராஜேந்திர சோழன் செப்பேடும் கிடைத்தது. சீர்காழியில் 2023 ஏப்ரலில் கும்பாபிஷேக யாகசாலைக்கு மண் தோண்டினார்கள். 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகள்! 400-க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகள்! கும்பாபிஷேகத்துக்குச் சாமிகளே நேரில் வந்துவிட்டார்கள்!

உங்கள் நிலத்தில் இப்படி ஏதாவது கிடைத்தால்? அரசுக்குச் சொல்லியாக வேண்டும். 1878-ல் வந்த புதையல் சட்டம் அது. எவ்வளவு மதிப்புக்கு மேல் போனால் சொல்ல வேண்டும் தெரியுமா? பத்து ரூபாய்!

நம்ம ஆரணி மண்ணும் லேசுப்பட்டதில்லை! 1751 டிசம்பர் 3. ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுப் படையோடு மோதி ஜெயித்தது ஆரணியில்! 1782-ல் ஹைதர் அலி தன் ஆயுதக் கிடங்கை வைத்திருந்ததும் ஆரணிக் கோட்டையில்! ஜூன் மாதம் அதைப் பிடிக்க வந்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வெறுங்கையோடு திரும்பிப் போனார்! பட்டுக்குப் பேர் போன ஊரில் பீரங்கிச் சத்தம்! அந்தக் காலத்து அர்ச்சகர்கள் கையில் மண்வெட்டி இருந்ததில் என்ன ஆச்சரியம்?

எந்தப் படையும் எந்தத் திருடனும் தூக்க முடியாத சாமி ஒன்று ஆரணி பக்கத்திலேயே இருக்கிறது! திருமலை ஜைனக் கோயிலின் நேமிநாதர். பாறையிலேயே செதுக்கியது. உயரம் 16 அடி! முடிந்தால் கிரேன் கொண்டுவரட்டும்!

படவேட்டில் காவல் காத்தது யார்? மணல்! சம்புவராயர் தலைநகரின் கோயில்கள் மண்ணுக்குள் புதைந்தே கிடந்தன. தோண்டி எடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். அங்குள்ள ராமர் கையில் வில்லே கிடையாது. யோக நிலையில் உட்கார்ந்திருக்கிறார்!

படைகள் போன பிறகு வந்தவன்தான் மோசமானவன். கடைக்காரன்!

தஞ்சைப் பக்கம் சிவபுரத்தில் ஒரு நடராஜர். 1951-ல் மண்ணில் கிடைத்தார். பழுது பார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல்! வருஷக் கணக்கில் ஊர் நகலுக்குக் கற்பூரம் காட்டியது! அசலை 1973-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் நார்ட்டன் சைமன் வாங்கினார். விலை 9 லட்சம் டாலர்! வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து நடராஜர் திரும்பியது 1986-ல்.

அடுத்தது பத்தூர் நடராஜர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவு ருசி!

1976-ல் பத்தூரில் கூலித் தொழிலாளி ஒருவர் மண் தோண்டும்போது கிடைத்தார். கை மாறி, கடல் தாண்டி லண்டன் போனார். கனடாக் கம்பெனி ஒன்று வாங்கியது. சுத்தம் பண்ண பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்த இடத்தில் 1982-ல் ஸ்காட்லாந்து யார்டு பிடித்துக்கொண்டது!

லண்டன் ஹைகோர்ட்டில் வழக்கு. வழக்காடியவர்களின் வரிசையில் மத்திய அரசு, தமிழக அரசு... அவர்களோடு பத்தூர் சிவலிங்கமும்! கூரை விழுந்து கிடந்த அந்தக் கோயிலும்! வெள்ளைக்கார நீதிபதி எதிரே சிவபெருமானே உரிமை கேட்டு நிற்கிறார்!

சாட்சி சொன்னவர்கள் இன்னும் ஜோர். நம்ம தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி விமானம் ஏறிப் போய்ச் சாட்சி சொன்னார். அவருக்கு அடுத்தபடி யார்? சிலையில் ஒட்டியிருந்த மண்! அதன் மேல் ஓடியிருந்த கரையான் தடம்! பத்தூர்க் குழி மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்தூர்க் கரையான் லண்டன் கோர்ட்டில் நமக்காகப் பேசியது!

1988-ல் தீர்ப்பு நம் பக்கம். அப்பீல் போனார்கள். 1991-ல் அதுவும் நம் பக்கம்! இடிந்து கிடந்தாலும் கோயிலுக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்று லண்டன் ஒப்புக்கொண்டது! என்னைக் கேட்டால், 'தி டிரெய்ன்' படத்தைவிட இதைத்தான் முதலில் படமாக எடுத்திருக்க வேண்டும்!

கல்லிடைக்குறிச்சி நடராஜர் 1982-ல் போனார். 2019-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். 37 வருஷம்!

அனந்தமங்கலம் ராமர், சீதை, லட்சுமணர் 1978-ல் களவு போனார்கள். லண்டனில் நம் தூதரகத்தில் ஒப்படைக்கப்பட்டது 2020-ல். ராமாயண வனவாசம் 14 வருஷம். இது 42!

ராஜராஜ சோழனே காணாமல் போனார் தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயிலிலிருந்து! கூடவே பட்டத்தரசி லோகமாதேவியும்! 2018-ல் அகமதாபாத்திலிருந்து மீட்டுக் கொண்டுவந்தார்கள். 216 அடி விமானம் கட்டிய ராஜாவின் சிலை உயரம் வெறும் 74 சென்டிமீட்டர்!

சுபாஷ் கபூர் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நியூயார்க்கில் கலைப்பொருள் கடை. அமெரிக்க அதிகாரிகள் அள்ளியது 2,500-க்கும் மேற்பட்ட பொருள்கள். மதிப்பு 10 கோடி டாலருக்கும் மேல்! 2011-ல் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். 2022-ல் கும்பகோணம் கோர்ட் 10 வருஷம் தண்டனை கொடுத்தது. எந்தக் கோயில் வழக்கில்? உடையார்பாளையம் வட்டாரத்து வரதராஜப் பெருமாள் கோயில்! காஞ்சி வரதர் தஞ்சம் புகுந்தாரே, அதே உடையார்பாளையம்!

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரும் கபூர் கடை வழியாகத்தான் போனார். 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் கொடுத்த விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர்!

காட்டிக் கொடுத்தது எது? ஒரு போட்டோ! 1994-ல் கோயிலுக்குள் எடுத்தது. எடுத்தவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார். ரோஸ் வலாந்தின் நாட்டு நிறுவனம்! 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட்டே டெல்லிக்கு வந்து நடராஜரை ஒப்படைத்தார்!

அந்தப் பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்தது. சேர்ந்திருப்பவை ஒரு லட்சத்துக்கும் மேல்! அனந்தமங்கலத்து ராமரை லண்டனில் அடையாளம் காட்டியதும் அங்கே இருந்த ஒரு படம்தான்! எடுத்த வருஷம் 1958!

படங்களை ஒப்பிட்டு உலகம் முழுக்கத் துரத்தியவர்களில் ஒருவர் எஸ். விஜயகுமார். போலீஸ்காரர் இல்லை. சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி வேலை! ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்த வேலை இது!

போட்டோ செய்யும் மாயத்துக்கு இன்னும் ஒன்று. உலகப் புகழ் பெற்ற சிற்பி ரோதான் 1913-ல் திருவாலங்காடு நடராஜரைப் பற்றி மெய்சிலிர்த்து எழுதினார். அவர் நடராஜரை நேரில் பார்த்ததே இல்லை. பார்த்தது வெறும் போட்டோ!

சரி, மீதிச் சாமியெல்லாம் சொந்தக் கோயிலில்தான் இருக்கிறதா? எங்கே! திருவாரூர் பாதுகாப்பு மையத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான உலோகத் திருமேனிகள் பூட்டுக்குள் இருக்கின்றன!

கடைசியாக ஒன்று. உங்கள் தெருக்கோடிக் கோயில் உற்சவருக்குப் போட்டோ இருக்கிறதா? தாத்தா காலத்துத் திருவிழாப் படம் பரணில் கிடந்தால் எடுத்துத் துடைத்து வையுங்கள். இல்லையென்றால், அடுத்த புறப்பாட்டுக்கு முன் குருக்களிடம் கேட்டு, அலங்காரம் செய்வதற்கு முன்னால், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பீடத்தோடு சேர்த்து ஒன்று என்று மூன்று படம் எடுத்துவிடுங்கள். பின்னால் ஊர் பேரும் தேதியும் எழுத மறக்காதீர்கள்! 50 லட்சம் டாலர் நடராஜரைத் திருப்பிக் கொண்டுவந்ததே அப்படி ஒரு படம்தான்!